வக்கீல் சாரின் டங்ஸ்டன்

"ஈயமா, டங்ஸ்டனா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

"ஒரே வார்த்தையில சொல்றதுக்கு நான் என்ன சாட்சிக் கூண்டுலயா நிக்கிறேன்?"

எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த படகுக்காரர் நாகமுத்து சிரித்தார். கேள்வி கேட்ட தணிகாசலம் சிரிக்கவில்லை. அவர் வக்கீல். பதில் வராத கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பனையடி உப்பங்கழியில் தூண்டில் போடக் கற்றுத்தருபவர் எழில். முன்பு ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். வேலையை விட்ட பிறகும் எல்லோருக்கும் டீச்சர்தான். தணிகாசலம் அவரைவிட மிகவும் மூத்தவர், தலை முழுக்க நரை. கோர்ட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கொடுவா மீன் பிடிக்கக் கற்க வந்தார். "என் பொண்ணு வயசு, அவங்ககிட்டப் பாடம் படிக்கிறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டி, கடல் பக்கம் நின்றது. கரை அரிக்காமலிருக்கக் கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருந்த தூண்டில் வளைவின் நுனி அது. கற்களின் நிழலில் கொடுவா ஒதுங்கும். தூண்டில் நரம்பின் முனையில் முள், முள்ளில் ரப்பர் மீன், அதற்குச் சற்று மேலே ஒரு குண்டு. குண்டின் கனம்தான் ரப்பர் மீனை அடிமட்டத்துக்கு இறக்கும். எழில் கட்டுவது ஈயக் குண்டு. தணிகாசலம் சமீபத்தில் டங்ஸ்டனுக்கு மாறியிருந்தார்.

"சரி, ஒரே வார்த்தை வேணாம். என் தரப்பை நான் சொல்றேன். மறுப்பு இருந்தா சொல்லுங்க."

"சொல்லுங்க சார்."

"ஈயம் விஷம். அறுந்து விழுற ஒவ்வொரு குண்டும் இந்தத் தண்ணிக்குள்ளேயே கிடக்குது. பறவை அதைச் சின்னக் கல்லுன்னு நெனச்சு முழுங்குது. பறக்க முடியாம, தலையைத் தூக்க முடியாம, சேத்துல கிடந்து சாகுது. இதுல ஒரு வரியாவது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இன்னும் அதையே கட்டறீங்க?"

எழில் தூண்டில் ராடைப் பின்னால் சாய்த்து வீசினார். குண்டு தூரத்தில் விழுந்தது.

நாகமுத்து தன் பங்குக்கு ஒரு நரம்பை எடுத்து, பிளவுபட்ட சின்ன ஈய மணி ஒன்றை அதில் மாட்டி, பல்லால் கடித்து மூடினார்.

"யோவ் நாகமுத்து, அதை வாயில வைக்காதய்யா."

"எங்கப்பா ஆயுசு பூரா இப்படித்தான் கடிச்சாரு வக்கீலய்யா."

"இப்ப எங்க உங்கப்பா?"

"செத்துட்டாரு."

"பாத்தியா?"

"லாரி மோதி."

எழிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க சாட்சியே உங்களைக் கவுத்துட்டாரே சார்."

"சிரிக்காதீங்க டீச்சர். நான் விளையாட்டுக்குக் கேக்கல. உங்ககிட்டப் படிக்கிறவங்க எத்தனையோ பேர். நீங்க மாத்தினா அத்தனை பேரும் மாத்துவாங்க. நீங்க மாத்த மாட்டேங்கறீங்க. விஷம்னு ஒத்துக்கிட்டு, மாத்தவும் மாட்டேன்னா அதுக்கு என்ன பேரு?"

"என்ன பேரு?"

"பிடிவாதம்."

நாகமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எழில் முகம் மாறவில்லை. இன்னும் சொல்லப்போனால், கொஞ்சம் மலர்ந்தது.

"டங்ஸ்டன் எங்கேருந்து வருது சார்?"

"கடையிலேருந்து."

"கடைக்கு?"

தணிகாசலம் யோசித்தார். "சுரங்கத்துலேருந்து."

"எங்கேயோ ஒரு மலையை உடைச்சு எடுக்கணும். அந்த மலையில ஒரு சுனை இருக்கும். அடிவாரத்துல ஊர் இருக்கும். அந்த ஊர்க்காரங்க மறியல் பண்ணிட்டு ரோட்டுல உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கும் ஒரு வக்கீல் வாதாடுவாரு."

"அப்போ ஈயம் மட்டும் மரத்துலயா காய்க்குது? அதுவும் சுரங்கம்தானே?"

"ஆமா. நல்ல கேள்வி."

"மார்க் போடாதீங்க டீச்சர். பதில் சொல்லுங்க."

"பதில் இன்னும் வரல சார். வந்தா சொல்றேன். டங்ஸ்டனுக்கு வேற என்ன காரணம் வச்சிருக்கீங்க?"

"பெரிய காரணமே அதுதான். ஈயம் மெத்துன்னு இருக்கு. அடியில எதைத் தொட்டாலும் பாதியைத் தானே முழுங்கிடும். டங்ஸ்டன் கெட்டி. சேறு, மணல், கல்லு, எல்லாம் நரம்பு வழியா ஏறி விரல்ல வந்து தட்டுது. எனக்கு இந்தக் கழியோட அடிமட்டம் கண்ணால பாக்கற மாதிரி தெரியுது."

"கண்ணால பாக்கற மாதிரியா?"

"அதே மாதிரி."

எழில் நரம்பைச் சுற்றி எடுத்தார். சொட்டிக்கொண்டிருந்த ஈயக் குண்டைக் கட்டை விரலால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுல என்ன பாக்கறீங்க?"

"அது போய்ட்டு வந்த இடத்தை."

தணிகாசலம் மறுத்துப் பேச வாயெடுத்தார். அதற்குள் நாகமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், தூண்டிலைச் சுத்துங்க. போயிடணும்."

அதுவரை முதுகில் சுட்டுக்கொண்டிருந்த வெயில் இல்லை. கடலின் விளிம்பில் வானம் கறுத்திருந்தது. கடலிலிருந்து கொண்டல் காற்று குளிர்ந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்தது.

"என்ன அவசரம்? கரை அதோ தெரியுது" என்றார் தணிகாசலம்.

"கரை தெரியுது. வழி தெரியலையே. அங்க பாருங்க."

முகத்துவாரத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு எழுந்து விழுந்தது. கழியின் தண்ணீர் வற்றிக் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காற்று கடலை எதிர்த்திசையில் உள்ளே தள்ளியது. இரண்டும் மோதிய இடத்தில் அலைகள் செங்குத்தாக நின்று உடைந்தன.

"காலையில வந்த வழியிலயே போ."

"காலையில தண்ணி ஏறியிருந்துச்சு வக்கீலய்யா, எங்க வேணாலும் வரலாம். இப்ப அடி தெரியணும். போன மழை வெள்ளத்துல தூண்டில் வளைவுக் கல்லு பாதி சரிஞ்சு, முகத்துவாரம் முழுக்க உருண்டு கிடக்கு. மணலும் நாளுக்கு ஒரு இடத்துல கிடக்கு. மணல்ல தட்டினா தள்ளிவிட்டுக்கலாம். கல்லுல தட்டினா படகு பொளந்துடும்."

"வெளியவே நிக்கலாம். காத்து அடங்கட்டும்."

"நின்னா இந்தக் கல்லு மேலயே தூக்கி அடிக்கும்."

தணிகாசலத்துக்கு நீச்சல் அவ்வளவாக வராது. லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். நாகமுத்து எஞ்சினை முடுக்கினார்.

"இந்தப் படகு போச்சுன்னா நானும் போயிட்டேன் டீச்சர். பாத்துச் சொல்லுங்க."

முகத்துவாரத்தை நெருங்கியதும் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்து வரும் அலைக்கு ஈடுகொடுத்துப் படகை ஒரே இடத்தில் நிறுத்தப் பார்த்தார். படகு நிற்கவில்லை, குதித்தது. தண்ணீர் டீயின் நிறத்தில் கலங்கியிருந்தது. இடது பக்கம் முழுக்க நுரை. வலது பக்கம் மட்டும் அலை உடையாத ஒரு இருண்ட பட்டை.

"சார், அந்தக் கறுப்புத் தண்ணியில போட்டு இழுங்க, அடியில என்ன இருக்குன்னு பாப்போம்" என்றார் எழில்.

தணிகாசலம் வீசினார். டங்ஸ்டன் விழுந்து இறங்கியது. அவர் இழுத்தார். ராடின் நுனி நடுங்கியது.

"பாறை! கடகடன்னு தட்டுது. நாகமுத்து, அந்தப் பக்கம் போகாத!"

"நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு. வழி பூரா பாறை!"

எழில் அதே இடத்தில் தன் ஈயத்தை வீசி, மெதுவாக இழுத்து எடுத்தார். ஒரு அலை அவர் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டைப் பார்த்தார்.

"பாறை இல்ல."

"டீச்சர், என் விரல்ல தட்டுச்சு!"

"தட்டியிருக்கும். சிப்பியும் தட்டும். இதைப் பாருங்க."

ஈயத்தின் முகத்தில் சீப்பால் வாரியதுபோல மெல்லிய கீறல்கள். ஒரு கீறலில் வெள்ளையாகச் சிப்பித் துணுக்கு ஒன்று பதிந்திருந்தது.

"கல்லுல மோதியிருந்தா பள்ளம் விழுந்திருக்கும். பள்ளமே இல்ல. தண்ணி வேகமா ஓடுற இடத்துல மணலை அரிச்சுட்டுப் போயிடும், செத்த சிப்பி மட்டும் கிடக்கும். வாய்க்கால் அதுதான்."

"அது உங்க அனுமானம்!"

"ஆமா."

"தப்பா இருந்தா?"

"படகு பொளக்கும்."

"இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கீறலைப் பாத்து முடிவு பண்றதா? என் கை பொய் சொல்லுதா?"

"உங்க கை பொய் சொல்லல. தட்டுச்சுன்னு சொல்லுது. பாறைன்னு சொன்னது நீங்க."

"ரெண்டு பேரும் கோர்ட்டைக் கரையில வச்சுக்கங்க!" நாகமுத்து கத்தினார். "எந்தப் பக்கம்?"

"வலது."

"நான் ஆட்சேபிக்கிறேன்" என்றார் தணிகாசலம்.

"பதிவு பண்ணிக்கிட்டேன் சார். நாகமுத்து அண்ணே, வலது."

படகு கறுத்த தண்ணீருக்குள் நுழைந்தது. தணிகாசலம் படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். இடது பக்கத்தில் ஒரு அலை உடைந்து நுரை உள்ளே தெறித்தது. அடியில் எதுவும் இடிக்கவில்லை. உரசவும் இல்லை. ஆழமான தண்ணீர் படகைச் சுமந்துகொண்டு உள்ளே போனது.

"வக்கீலய்யா," நாகமுத்து மூச்சு வாங்கச் சிரித்தார், "கேஸ் தள்ளுபடி!"

தணிகாசலத்தின் காதுகள் சிவந்திருந்தன. எழில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முன்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருக்கலாம்.

"இன்னும் தாண்டல. வாய்க்கால் இங்க எங்கேயோ வளையும். நான் நேரா போடறேன். நீங்க இடது பக்கம் போட்டுக்கிட்டே வாங்க சார். எது தட்டினாலும் சொல்லுங்க."

"சரி டீச்சர்."

பின்னால் அலைகள் பெரிதாகிக்கொண்டிருந்தன. நின்று நிதானிக்க இடமில்லை. நாகமுத்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றினார்.

தணிகாசலம் இடது பக்கம் வீசி இழுத்தார்.

"என்ன?"

"சேறு."

எழில் நேராக வீசி, எடுத்து, குண்டைப் பார்த்தார். "மணல். போகலாம்."

மறுபடியும் வீசினார்கள்.

"சார்?"

"சேறுதான்."

"இங்கயும் மணல். போகலாம்."

அடுத்த முறை தணிகாசலத்தின் டங்ஸ்டன் சேற்றில் விழவில்லை. ஒரே ஒரு தட்டு. 'ணங்' என்று ஒன்று நரம்பில் ஏறி வந்து அவர் முழங்கை வரை போனது. சிப்பி தட்டியபோது கடகடவென்று இருந்தது. இது அப்படி இல்லை. அவர் மெதுவாக இழுத்தார். குண்டு எதன் மீதோ ஏறியது. உச்சியில் நின்றது. அந்தப் பக்கம் விழுந்தது. மறுபடி ஏறியது. பெரிய கல். இடது பக்கத்தில் தொடங்கி, படகு போகிற பாதைக்கே குறுக்காக நீண்டு கிடந்தது.

அவர் வாயைத் திறந்தார்.

"மணல்" என்றார் எழில், ஈயத்தை உயர்த்திப் பார்த்தபடி. "சுத்தமா மணல். நேரா போகலாம்."

நூத்துக்கு நூறு என்று கத்திய வாய் அது. கத்தி முடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவர் எழிலின் கையிலிருந்த குண்டைப் பார்த்தார். அதில் மணல் ஒட்டியிருந்தது இவருக்கே தெரிந்தது. அவர் விரலில் டங்ஸ்டன் இன்னொரு முறை தட்டியது.

"வக்கீலய்யா, உங்க பக்கம் என்ன?" என்றார் நாகமுத்து.

தணிகாசலம் நரம்பைச் சுற்றத் தொடங்கினார்.

"டீச்சர் சொன்னா சரிதான்."

அவர் வாயிலிருந்து அதுவரை அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. எழில் சட்டென்று திரும்பினார்.

"சார், உங்க பக்கம் என்னன்னுதானே அவர் கேட்..."

படகு மோதியது.

முன்பக்கம் மேலே எழும்பியது. படகின் ஃபைபர் கிழிகிற சத்தம், தகரத்தைக் கிழிப்பது போல. எழில் படகின் நடுவில் விழுந்தார். எஞ்சினருகே நின்றிருந்த நாகமுத்து இல்லை.

"அண்ணே!"

பின்னால் நுரைக்குள் ஒரு தலை தெரிந்தது. ஒரு கை மட்டும் நீந்தியது. தணிகாசலம் ராடைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தை நீட்டினார். கைப்பிடி எட்டவில்லை. அவர் படகின் விளிம்புக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்தார். எழில் அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னும் சாயுங்க!"

"விழுந்துடுவேன்!"

"நான் பிடிச்சிருக்கேன்! சாயுங்க!"

நாகமுத்து ராடைப் பிடித்துவிட்டார். இருவரும் இழுத்தார்கள். விளிம்பில் ஏற்றும்போது நாகமுத்து அலறினார். அவரது வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

ஒரு பெரிய அலை வந்து படகைக் கல்லிலிருந்து தூக்கிவிட்டது. எழில் எஞ்சினைப் பிடித்தார். முன்பக்கப் பிளவு வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தணிகாசலம் ஐஸ் பெட்டியின் மூடியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். படகில் பாதிக்குமேல் தண்ணீர் நிறைந்திருந்த நேரத்தில் அது உள்பக்க மணல்திட்டில் போய்ச் சொருகி நின்றது.

மூவரும் இறங்கி மணலில் உட்கார்ந்தார்கள். கரையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

நாகமுத்து இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு படகைப் பார்த்தார். அதன் முன்பக்கத்தில் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

"மணலுன்னு சொன்னீங்களே டீச்சர்."

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

"சுத்தமா மணலுன்னீங்களே."

"சொன்னேன். என் ஈயம் விழுந்த இடத்துல மணல்தான் இருந்துச்சு. பக்கத்துல என்ன கிடக்குன்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் சொல்லிட்டேன்."

"உங்களை நம்பித்தானே முடுக்கினேன்."

"தப்பு என்னோடதுதாண்ணே."

தணிகாசலம் இருவருக்கும் நடுவில் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடி வருகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நாகமுத்துவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"எனக்குத் தெரியும்" என்றார் தணிகாசலம்.

"என்ன தெரியும்?"

"கல்லு இருந்தது. என் குண்டு தட்டுச்சு. சிப்பி மாதிரி இல்ல. ஏறி இறங்குச்சு. நல்லாத் தெரிஞ்சுது."

"எப்ப?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே."

நாகமுத்து எழப் பார்த்தார். வலி அவரைத் திரும்ப உட்கார வைத்தது.

"தெரிஞ்சுக்கிட்டா உக்காந்திருந்தீங்க?" அவர் குரல் உடைந்தது. "காலையிலேருந்து வாய் ஓயலையேய்யா உங்களுக்கு. ஈயங்கறீங்க, டங்ஸ்டன்ங்கறீங்க, பறவைங்கறீங்க, சுரங்கம்ங்கறீங்க. டீச்சரையே பிடிவாதம்னீங்க. கல்லு இருக்குன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?"

தணிகாசலம் கையைக் கூப்பினார். நாகமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர்கள் அவரை இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிப்போனார்கள். போகும்போதும் அவர் படகைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

காற்று மணலை வாரி அடித்தது. எழில் எழுந்து போய் எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தார். தணிகாசலம் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இருவரும் தூக்கி மேட்டில் வைத்தார்கள்.

"ஏன் சார்?" என்றார் எழில்.

தணிகாசலம் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"முதல் தடவை நான் சொன்னது தப்பாப் போச்சு. நீங்க சொன்னது சரியா வந்துச்சு."

"அதனால?"

"அதுக்கப்புறமும் உங்களை எதிர்த்துப் பேசினா... கத்துக்க வந்தவனுக்கு அது அழகில்லைன்னு தோணுச்சு."

"கல்லு தட்டினப்போவா தோணுச்சு?"

"ஆமா."

எழில் ஈரமான முடியை முகத்திலிருந்து ஒதுக்கினார்.

"டீச்சர், நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சொல்லுங்க."

"நாளையிலேருந்து நானும் ஈயமே கட்டறேன். காலையில கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்."

"அதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலையே சார். பறவை முழுங்குதுன்னு நீங்க சொன்னதுலேருந்து எனக்கு வேற எதுவும் ஓடல. ஒவ்வொரு தடவை குண்டை வீசும்போதும் அதான் ஞாபகம். பதில் தேடிக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள வாபஸா?"

"எனக்குப் பதில் வேண்டாம் டீச்சர். என் புத்திசாலித்தனத்தால ஒருத்தன் கையும் போச்சு, படகும் போச்சு. போதும். படகைச் சரிபண்ணிக் குடுக்கிறது என் பொறுப்பு. நான் உங்ககிட்டக் கத்துக்க வந்தவன். நீங்க எதைக் கட்டச் சொன்னாலும் கட்டறேன். எங்க போடச் சொன்னாலும் போடறேன். இனிமே உங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன். சத்தியமா."

எழில் அவரை நேராகப் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு வராதீங்க சார். உங்களைக் கூட வச்சுக்கிட்டுப் படகுல ஏற எனக்குப் பயமா இருக்கு."